இணைப்பு நடை

அளவு நாடாவின் இரும்பு நுனி வாசற்படியைத் தாண்டி அடுக்களைக்குள் வந்தபோது சொய்லா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் நாடா அவள் முக்காலிக்கு அடியில் புகுந்து, அடுப்பின் காலில் இடித்து, வளைந்து நின்றது. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியே சரளைக் கற்களின் மேல், போன பௌர்ணமியின் ஏற்றத்தில் கடல் ஒதுக்கிவிட்டுப் போன பாசி வரிசையின் ஓரத்தில், குந்தியிருந்தது அவள் கணவன் நிபால்தோ. அதிகாரி தனியாக வந்திருந்தார், ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை என்றார், இவன் போய்ப் பிடித்துக்கொண்டான். தன் வீட்டுக்கு உலை வைக்க வந்த நாடாவைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுக்கிற மனுஷன் சிலோயே தீவுகளிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான் என்று சொய்லா நினைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் காலைத் தூக்கிக்கிறீங்களாம்மா? நாடா நேராப் போகணும்.”

தூக்கிக்கொண்டாள். அதிகாரி அரவேனா ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு தரையில் தவழ்ந்து நாடாவை இழுத்துப் போனார். இடது காலுறையின் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. தலைநகரத்திலிருந்து மாற்றலாகி வந்து இன்னும் ஒரு குளிர்காலத்தைக்கூட இங்கே பார்க்காதவர். வீடு கட்ட அனுமதி தருகிற மேசை நகராட்சியில் அவருடையதுதான். அடுக்களை முடிந்தது, படுக்கையறை முடிந்தது, பின்கதவைத் திறந்துகொண்டு நாடா கொல்லைக்குப் போயிற்று. ஆப்பிள் மரத்தடியில் போய்த்தான் அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“சட்டம் சொல்ற தூரம் இந்த மரத்துக்கிட்டதான் முடியுதும்மா. இதுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் அரசாங்கத்தோட கரை. யாரும் எதுவும் கட்டக் கூடாது.” அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “மரம் மட்டும் சட்டப்படி இருக்கு.”

“மரத்துக்கிட்ட சொல்லிடறேன், சந்தோஷப்படும்,” என்றாள் சொய்லா.

அந்த வீட்டுக்கு வரைபடம் என்று எதுவும் இருந்ததில்லை. நிபால்தோ மாதத்தில் பாதி நாள் மட்டிப் பண்ணைப் படகில் போய்விடுவான். அவன் இல்லாத நாட்களில் சொய்லா தனியாகவே கட்டினாள். பிரித்துப் போட்ட பழைய பள்ளிக்கூடத்தின் தரைப்பலகைகள், புயலில் கரையொதுங்கிய சைப்ரஸ் கட்டைகள், யாரோ வேண்டாமென்று கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டங்கள். முதலில் ஓர் அறையை மரக்கால்களின் மேல் தூக்கி நிறுத்தினாள். அதில் இருந்துகொண்டே அடுத்த அறையைப் பற்றி யோசித்தாள். மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்த பிறகுதான் ஜன்னலுக்கு இடம் விட்டாள். வெளிச்சுவர் முழுக்க மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக மரச்செதில்களை அறைந்து மஞ்சள் வண்ணம் பூசினாள். பெரிய ஏற்றம் வரும் நாட்களில் கடல் தரைக்கு அடியில் வந்து நிற்கும். கட்டிலில் படுத்திருந்தால் முதுகுக்குக் கீழே தண்ணீர் மரக்கால்களோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பது கேட்கும். யாரிடமும் கேட்காமல் கட்டினாள், யாருடைய பெயரும் எழுதியிராத இடத்தில் கட்டினாள். அந்த வீட்டில் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். இப்போது அதுவே குற்றமாகிவிட்டது.

துருவிய கிழங்கில் பன்றிக்கொழுப்பு சேர்த்துச் சுட்ட அடையை அதிகாரிக்கு ஒரு தட்டில் வைத்தாள். அவர் சூடு பொறுக்காமல் கையை உதறிக்கொண்டே சொன்னார்: “அடுத்த குளிர்காலத்துக்குள்ள அகற்றிடணும்.”

நிபால்தோ நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். “சார், இடிக்கணும்னு போட்டிருக்கா, அகற்றணும்னு போட்டிருக்கா?”

அரவேனா எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தார். “‘கரையிலிருந்து அகற்றப்பட வேண்டும்’னு இருக்கு.”

“அப்ப இடிக்க வேண்டியதில்ல. எடுத்துட்டுப் போயிடலாம்.”

“எதை?”

“வீட்டத்தான்.”

அதிகாரி சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அடையை மென்றபடி சுவரை, உத்தரத்தை, தரையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல்முறையாக அந்த வீட்டை ஒரு சாமானைப் பார்ப்பதுபோல, தூக்கினால் எவ்வளவு கனக்கும் என்று யோசிப்பதுபோலப் பார்த்தார்.

மறுநாள் ரொசாமெல் வந்தார். அந்தக் கரையில் ஏர்மாடு, விசைப்படகு இரண்டையும் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு மரக்காலையும் சுத்தியலால் தட்டிக் கேட்டார். சட்டையெல்லாம் சேறாக வெளியே வந்து, “உங்க வீடு நடக்கும். நீந்தவும் செய்யும்,” என்றார். “எங்க போய் நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

அதைத்தான் சொல்ல முடியவில்லை. எதிரே, கால்வாய்போல நீண்டு கிடக்கிற கடலுக்கு அந்தப் பக்கம் தாபில் தீவு. அங்கே சொய்லாவின் அப்பா விட்டுப்போன நிலம் இருந்தது, அதில் அவளுக்கும் பாதி உண்டு. ஆனால் அந்த நிலத்தில் அப்பாவின் வீடு இருந்தது, அந்த வீட்டில் அக்கா எதெல்வினா இருந்தாள். இருவரும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. மஞ்சள் வீட்டின் கூரை முடிந்த நாளில், ஊரே கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதெல்வினா வீட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, கோழிக்கூடு மாதிரி,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாளோ என்னவோ. மாதக்கணக்கில் ஆணியடித்துக் காய்த்துப்போன கையோடு நின்ற சொய்லாவுக்கு அது வேடிக்கையாகக் கேட்கவில்லை. “கோழிக்கூடா இருந்தாலும் நான் கட்டினது. உன்னை மாதிரி செத்துப்போனவர் கட்டில்ல படுத்துக்கிட்டு அது என் வீடுன்னு சொல்லிக்கல,” என்றாள். அப்பா இறந்து அப்போது அதிக நாளாகியிருக்கவில்லை. கடைசிவரை அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் எதெல்வினாதான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் படகுக்கு நடந்து போனாள். சொய்லாவுக்கு அந்தத் தட்டு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பாதி தின்ற கிழங்கும், அதில் பல் பதிந்த ஒரு தடமும்.

சொய்லா நகராட்சிக்குப் போனபோது, அரவேனா ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விதிகளைப் படித்து வைத்திருந்தார். பேச்சில் ஒரு குதூகலம் இருந்தது. “தாபில்ல உங்கப்பா நிலத்துக்குக் கொண்டு போகலாம். ஆனா விதிப்படி அந்த அளவு நிலத்துல ஒரு வீடுதான் இருக்கலாம். ரெண்டாவது வீட்டுக்கு அனுமதி கிடையாது.” சொய்லா எழுந்துவிட்டாள். “இருங்கம்மா, முழுசாக் கேளுங்க. இருக்கிற வீட்டோட சேர்த்து அறை எடுத்துக்கறதுக்குத் தடையில்ல. எத்தனை அறை வேணாலும் எடுக்கலாம். ரெண்டு கூரையும் ஒண்ணா இணையணும். நடுவுல கூரை போட்ட ஒரு நடை, ரெண்டு முனையிலயும் கதவு. வெளிய இறங்கி மழையில நனைஞ்சு போனா அது ரெண்டு வீடு. நனையாமப் போக முடிஞ்சா ஒரே வீடு.”

சொய்லா மறுபடி உட்கார்ந்தாள். “பேசாமலே நனையாமப் போகலாமா சார்?”

“அதைப் பத்தி விதியில எதுவும் இல்ல,” என்றார் அரவேனா.

நிபால்தோ தானே போய்க் கேட்பதாகச் சொன்னான். வேண்டாமென்று சொல்லிவிட்டு சொய்லா தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். கடல் ஆடாமல் அசையாமல் கிடந்தது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. எதெல்வினா கொல்லையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது, தலைமுடி நரைத்திருந்தது. மற்றபடி அதே நீளமான கைகள், மண்ணை ஒரே அடியில் புரட்டிப்போடுகிற அதே வேகம். நிமிரவில்லை. வேலியில் இன்னொரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. சொய்லா அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் தோண்ட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள்.

“அக்கா, வீடு அந்தக் கரையில இருக்கக் கூடாதுங்கறாங்க.”

“கேள்விப்பட்டேன்.”

“இங்க கொண்டு வரலாமான்னு...”

“உனக்கும் பாதி நிலம். என்னை ஏன் கேக்கற?”

“தனியா நிறுத்த முடியாதாம். உன் வீட்டோட இணைக்கணுமாம். நடுவுல ஒரு நடை விட்டு. ரெண்டு பக்கமும் கதவு வச்சு.”

எதெல்வினா அப்போதுதான் நிமிர்ந்தாள். கையிலிருந்த கிழங்கின் மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மண் போய், தோல் தெரிந்து, தோலும் உரியும்வரை தேய்த்தாள். “அப்பா வீட்டுச் சுவத்தை உடைக்கணும்.”

“ஒரு கதவு அளவுக்கு.”

“தாழ்ப்பாள் யார் பக்கம்?”

சொய்லா அதை யோசித்திருக்கவில்லை. “சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்.”

“கேட்டுட்டு வா.” மறுபடி குனிந்துவிட்டாள். சொய்லா வேலிவரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது: “ஓரமாப் போடி. பூண்டு போட்டிருக்கேன்.”

தாழ்ப்பாளைப் பற்றி அரவேனா விதிப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தார். கதவின் அகலம் இருந்தது, உயரம் இருந்தது, எந்தப் பக்கம் திறக்கலாம் என்பதுகூட இருந்தது. தாழ்ப்பாள் இல்லை. அந்தச் செய்தியை ரொசாமெல் தாபிலுக்குக் கொண்டு போனார். திரும்பி வந்து, “உங்கக்கா ஒண்ணும் பதில் சொல்லல. ஆனா சுவத்துல கரியால கோடு போட்டு வச்சிருக்கு, கதவு அளவுக்கு,” என்றார்.

குளிர்காலம் தொடங்குவதற்கு முன், மார்ச் மாதத்தின் பெரிய ஏற்றத்துக்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் வீட்டின் அடியில் இரண்டு நீண்ட மரங்களைச் செருகி, மரக்கால்களை அறுத்து, வீட்டை அந்த நீண்ட மரங்களின்மேல் இறக்கி உட்காரவைத்தார்கள். புகைபோக்கியைக் கழற்றினார்கள். கட்டில், பாத்திரங்கள், துணிகள் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. அந்த நாளில் கரை முழுக்க ஆளும் மாடுமாக இருந்தது. ஒருத்தர் மாட்டை இன்னொருத்தர் குறை சொல்ல, பெண்கள் பெரிய அண்டாவில் மட்டி வேகவைக்க, கல்யாண வீடுபோல இரைச்சல். ரொசாமெல் கையைத் தூக்கியதும் மாடுகள் கழுத்தைத் தாழ்த்தி இழுத்தன. கயிறுகள் விறைத்தன, எதுவும் நகரவில்லை. மறுபடி இழுத்தன. வீடு ஒரு முனகல் முனகியது. பிறகு, நெடுநாள் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து நடக்கப் பழகுவதுபோல, சரளைமேல் உராய்ந்துகொண்டு கடலைப் பார்க்க இறங்கியது.

கடல் வற்றிக் கிடந்த ஈர மணலில் வீட்டை நிறுத்தி, சுற்றிலும் காலிப் பீப்பாய்களைக் கட்டிவிட்டு, தண்ணீர் ஏறட்டும் என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். அப்போதுதான் பனிமூட்டம் கடல்மேல் இறங்க ஆரம்பித்தது. “உள்ள யாராவது ஒருத்தர் இருக்கணும்,” என்றார் ரொசாமெல். “தண்ணியில வீடு சத்தம் போடும். எது சரியான சத்தம், எது தப்பான சத்தம்னு கட்டினவங்களுக்குத்தான் தெரியும்.”

நிபால்தோ மிதவைச் சட்டையை மனைவிக்கு மாட்டி, வார்களை இழுத்துக் கட்டினான். இன்னும் ஒருமுறை இழுத்துக் கட்டினான். “மூச்சு விட முடியலடா,” என்றாள். அரவேனா முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தார். பூட்ஸுக்குள் கடல் நிறைந்திருந்தது.

“ஒரு விஷயம்மா. தண்ணியில இருக்கும்போது எந்த விதி பொருந்தும்னு தேடிப் பார்த்தேன். வீடுன்னா நிலத்தோட பதிஞ்சிருக்கணும். படகுன்னா துறைமுகத்துல பதிவு செஞ்சிருக்கணும்.”

“அப்ப இது என்ன சார்?”

அவர் பனியில் ஈரமான கண்ணாடியைக் கழற்றினார். “அந்தக் கரையைத் தொடற வரைக்கும், எதுவும் இல்ல.”

அந்த எதுவுமில்லாததற்குள் சொய்லா உட்கார்ந்திருந்தாள். தரைப்பலகைகளின் இடுக்கில் முதலில் ஈரம் கசிந்தது. பிறகு தண்ணீர் கண்ணாடித் தகடுபோல அடுக்களை முழுக்கப் பரவியது. வீடு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. மிதந்துவிட்டது. வெளியே கத்தினார்கள், கைதட்டினார்கள். அந்தச் சத்தம் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் வீட்டைக் கயிறு கட்டி இழுத்துப்போகும் விசைப்படகுகளின் டப்டப்பும் வீட்டின் முனகலும் மட்டும் மிஞ்சின. அவள் ஜன்னல் மேடைமேல் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். எத்தனையோ வருஷம் ஒரே மலையைக் காட்டிய ஜன்னல். இப்போது ஒரு பாறையைக் காட்டியது, அதை எடுத்துவிட்டு ஒரு படகைக் காட்டியது, பிறகு வெள்ளையை மட்டும் காட்டியது. வடக்கு எது என்று தெரியவில்லை. வெயில் வரட்டும் என்று விட்ட ஜன்னலுக்கும் மழைக்குப் பயந்து மூடிய சுவருக்கும் இப்போது ஒரு வித்தியாசமும் இல்லை. கதவைத் திறந்தால் படியில்லை. படியிருந்தால் இறங்க ஊரில்லை. இது யாருடைய இடம் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, இன்றைக்கு எந்தத் தீவு பக்கத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, தேநீர் குடிப்பது. யாருக்கும் அக்காவாகவோ தங்கையாகவோ இல்லாமல். நீர்க்காகம் ஒன்று பனியிலிருந்து வந்து ஜன்னல் விளிம்பில் இறங்கி, இறகை விரித்துக் காயப்போட்டது. தான் ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பதாக அதற்குத் தெரியவில்லை. அவள் அதைத் தொடுகிற தூரத்தில் மூச்சுவிடாமல் இருந்தாள்.

எப்போது தூங்கினாள் என்று தெரியாது. சத்தம் நின்றதில்தான் விழித்தாள். படகுகள் விசையை நிறுத்தியிருந்தன. பனிக்குள் எங்கோ ரொசாமெல், “யாரும் பேசாதீங்க, கரைச் சத்தம் கேக்குதா பாருங்க,” என்றார். கேட்கவில்லை. நீரோட்டம் வீட்டை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. கீழே இறங்கியபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருந்தது. நிலைப்படி மூலையில் மரம் கிறீச்சிட்டது. அவள் அதுவரை கேட்டிராத சத்தம், தப்பான சத்தம். ஏற்றம் இறங்குவதற்குள் கரை சேராவிட்டால் நீரோட்டம் வீட்டைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோய்விடும். “நிபால்தோ!” என்று கத்தினாள். “மூலை விடுது!” “எந்தப் பக்கம் இழுக்கறதுன்னு தெரியல, சொய்லா! பிடிச்சுக்கோ!” படகிலிருந்து அவன் குரல் உடைந்து வந்தது. அவள் போய் அந்த மூலையில் தோளைக் கொடுத்து நின்றாள். அதனால் ஒரு பயனும் இல்லையென்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த மூலைக்கு முதல் ஆணி அடித்தபோதும் இப்படித்தான் தோளைக் கொடுத்து நின்றாள்.

அப்போது கேட்டது. தகரத்தைக் கட்டையால் அடிக்கிற சத்தம். நிதானமான, ஓயாத அடி. நடுநடுவே ஒரு பெண்குரல், தொண்டை கிழிய:

“ஏய்! கோழிக்கூடு! இந்தப் பக்கம்! ஏய் கோழிக்கூடே!”

சொய்லாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பில் ஆரம்பித்தது எதில் முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சுவரில் முகத்தை வைத்துக்கொண்டாள். படகுகள் உறுமின. கயிறு விறைத்து, வீடு அந்தக் குரலைப் பார்த்துத் திரும்பியது.

வீடு கரையேறியது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அரவேனா வரைந்த படத்தில் இரண்டு வீடும் ஒரே நேர்கோட்டில், தோளோடு தோளாக இருந்தன. நனைந்த மேட்டில் தாபில் மாடுகள் வீட்டைப் பாதிதூரம் இழுத்துவிட்டு நின்றுவிட்டன. வீட்டுக்கு அடியில் செருகிய மரங்கள் மண்ணில் இறங்கிவிட்டன. மஞ்சள் வீடு அப்பாவின் சாம்பல்நிற வீட்டுக்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் தள்ளி, முகத்தை அரைவாசி திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட பிள்ளைபோல உட்கார்ந்துவிட்டது. இனி அசைத்தால் உடையும் என்றார் ரொசாமெல். அரவேனா வந்து, நாடாவை அங்கும் இங்கும் பிடித்துப் பார்த்து, படத்தை அழித்து, நடையை நடுவில் ஒரு முறை வளைத்துப் போட்டார். “வளையக் கூடாதுன்னு விதியில இல்ல,” என்றார்.

எதெல்வினா தன் பக்கத்திலிருந்து நடையைக் கட்ட ஆரம்பித்தாள், சொய்லா தன் பக்கத்திலிருந்து. நிபால்தோ பண்ணைக்குத் திரும்பிவிட்டான். இரண்டு சுத்தியல்களின் சத்தம் நாளெல்லாம் மாறி மாறிக் கேட்டது. சில சமயம் ஒன்று நின்றால் மற்றதும் நின்றது. ஆணி வேண்டும், பலகையைப் பிடி, மழை வருது, இவ்வளவுதான் பேச்சு. தகரத்தைப் பற்றியும் கோழிக்கூட்டைப் பற்றியும் இருவரும் பேச்செடுக்கவில்லை. அப்பா வீட்டுச் சுவரைக் கரிக்கோட்டின்மேல் அறுத்த அன்று எதெல்வினா உள்ளிருந்து ரம்பம் பிடித்தாள், சொய்லா வெளியிலிருந்து. கடைசிப் பலகை விழுந்ததும் துவாரத்தின் வழியே வெளிச்சம் அந்த அறைக்குள் போயிற்று. அது அப்பாவின் அறை. கட்டில் அங்கேயே இருந்தது. அதன்மேல் தலைமாடுமுதல் கால்மாடுவரை விதைக்கிழங்குச் சாக்குகள் அடுக்கியிருந்தன. அடிச்சாக்குகள் இற்றுப்போய்ப் பலகையோடு ஒட்டியிருந்தன. அதற்கு அப்பால், திறந்திருந்த கதவு வழியாக, அடுக்களை தெரிந்தது. அடுப்போரம் ஒரு குறுகிய பெஞ்சு, அதில் மடித்து வைத்த கம்பளி, ஒரு தலையணை. எதெல்வினா நீளமான பெண். அந்தப் பெஞ்சில் காலை நீட்டிப் படுக்க முடியாது.

சொய்லா ரம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். எதெல்வினா அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். மரத்தூளைக் கையால் தட்டிவிட்டாள்.

“அடுப்போரம் சூடா இருக்கும்,” என்றாள். “உள்ள என்ன பாக்கற. அந்தப் பலகையைத் தூக்கு.”

சொய்லா தூக்கினாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. ஆணிகளை வாயில் கவ்வியிருந்தாள். அவற்றைத் துப்பினால் சொல்லிவிடலாம். துப்பவில்லை.

வளைவில் இரண்டு பேரின் தரையும் சந்தித்தபோது ஒன்று மற்றதைவிட ஒரு முழங்கால் உயரம் மேலே இருந்தது. தப்பு யாருடையது என்று பேச ஆரம்பித்து, முதல்முறையாக நன்றாகச் சண்டை போட்டார்கள். “நீ எப்பவுமே கண்ணளவுலதான் கட்டுவ!” “நீ அளந்து கட்டி என்ன கண்ட, அக்கா?” எதெல்வினா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு தடிமனான பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, வளைவில் ஒரு படி வைத்து ஆணியடித்தாள். ஒருத்தி பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறுகிற படி, மற்றவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இறங்குகிற படி.

மே மாதத்தில், குளிர்காலத்தின் முதல் பெருமழையன்று அரவேனா வந்தார். குடையை மடக்கிவிட்டு, எதெல்வினாவின் கதவில் நுழைந்து, நடையின் முழு நீளமும் மெதுவாக நடந்து, வளைவில் படி இறங்கி, சொய்லாவின் அடுக்களையில் வந்து நின்று தன் தோள்களைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. “ஒரே வீடு,” என்றார். குரலில் அவரே கட்டியதுபோல ஒரு நிறைவு இருந்தது. கதவுகள் இரண்டுக்கும் தாழ்ப்பாள் இல்லாததைக் கவனித்தார். ஆனால் கேட்கவில்லை. அவருடைய புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

மறுநாள் காலையில் சொய்லா எழுந்தபோது மழை விட்டிருந்தது. தரைக்கு அடியில் தண்ணீர் பேசாத வீட்டில் அவள் இன்னும் சரியாகத் தூங்கப் பழகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு, நடைக்குப் போகும் கதவைத் திறந்தாள். இரண்டு பக்கத்துச் சிறு ஜன்னல்களிலும் வெள்ளைப் பனி வந்து முட்டியிருந்தது. புதுப் பலகைகள் வெளிறித் தெரிந்தன. அவற்றின்மேல், நனைந்த கொல்லையில் நடந்துவிட்டு வந்த ஈரக் கால்தடங்கள் இருந்தன. நீளமான, ஒல்லியான பாதங்கள். அக்காவின் கதவிலிருந்து புறப்பட்டு, வளைவுவரை வந்து, படி இறங்கி, சொய்லாவின் பக்கத்துத் தரையில் நின்றிருந்தன. அங்கே விரல்கள் அவள் கதவைப் பார்த்திருந்தன. அந்த இடத்தில் மட்டும் ஈரம் பலகைக்குள் ஊறி, சுற்றிலும் கருத்துப் பரவியிருந்தது. யாரோ நெடுநேரம் நின்ற ஈரம். பிறகு அவை திரும்பிப் படியேறிப் போயிருந்தன. சொய்லா அங்கே போய், அந்த இரண்டு கருத்த தடங்களுக்கு எதிரே, அவற்றை மிதிக்காமல், தன் பாதங்களை வைத்து நின்றாள். பலகை குளிர்ந்திருந்தது. வளைவுக்கு அப்பால் யாரோ அடுப்பில் விறகு முறித்துப் போடும் சத்தம் கேட்டது. மரப்புகை நடை வழியாக மெல்ல வளைந்து, படி இறங்கி, அவள் கணுக்கால்களைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.